மாடிக்கு விட்ட கம்பி

முப்பரிமாணப் படம் வரையும் பிளெண்டர் மென்பொருளின் புதிய பதிப்பை மகள் இறக்கி நிறுவினாள். திறக்கவில்லை. இந்தக் கணினியின் கிராபிக்ஸ் போதாது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. மூடினாள், மறுபடி திறந்தாள், அதே பெட்டி. மூன்றாவது தடவை அவள் என்னைப் பார்த்தாள். நான் கணினியைப் பார்த்தேன்.

2012இல் ரிச்சி தெருவில் பாகம் பாகமாகச் சொல்லிக் கோத்து வாங்கிய இயந்திரம். ஐ5-3470 பிராசஸர், பி75 மதர்போர்டு, நாலும் நாலுமாக எட்டு ஜிபி ரேம். அப்போது நான் வீட்டிலிருந்தே பக்க வடிவமைப்பு செய்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, மணிவிழா மலர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, இடையிடையே இருநூறு முந்நூறு படிகள் அச்சாகும் சிறுபத்திரிகைகள். எத்தனையோ பேருடைய முதல் கவிதைத் தொகுப்பு இதில்தான் பக்கமானது. ஒரு நாளும் அது என்னைக் கைவிட்டதில்லை. போன மாதம் எப்படி ஓடியதோ அப்படியேதான் அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 2023 நவம்பரில் வந்த பிளெண்டர் 4.0, படம் வரைவதற்கான ஓப்பன்ஜிஎல் என்னும் பொதுமொழியில் 4.3ஆம் பதிப்பு தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. பிராசஸருக்குள்ளேயே சேர்ந்து வந்த சின்ன கிராபிக்ஸ் பகுதிக்கு 4.0 வரைக்கும்தான் தெரியும். அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அம்மி தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். அரைக்கும் வழக்கமே வீட்டைவிட்டுப் போய்விட்டால் அம்மியை என்ன செய்வது? கணினிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது விதத்தில்தான் கிழடாகின்றன. உள்ளே ஒரு பாகமும் தேய்ந்திருக்காது. வெளியே கேட்பவர்கள் வேறு மொழியில் கேட்கத் தொடங்கியிருப்பார்கள்.

“புதுசா வாங்கணுமாம்மா?” என்று கேட்டாள். விலை தெரிந்து கேட்ட குரல். “திறந்து பாக்கலாம் இரு” என்றேன்.

பக்கத் தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றி இழுத்ததும் தூசி இலவம்பஞ்சுபோல உருண்டு விழுந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்தேன். ரேம்களைக் கழற்றி அவற்றின் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன். நம் ஊர் கணினி மெக்கானிக்குகள் எந்தக் கோளாறுக்கும் முதலில் செய்து பார்க்கும் கைவைத்தியம் அது. அப்புறம்தான் அந்த நீளமான ஸ்லாட்டைப் பார்த்தேன். ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் நீளம், உள்ளே இரண்டு வரிசையாக 164 தொடுமுனைகள், ஓரத்தில் ஒரு கொக்கி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அதில் எதுவும் செருகப்படவில்லை. அதற்கு நேர் பின்னால் கேபினெட்டில் ஒரு தகடு, பெயர்த்து எடுப்பதற்கென்றே லேசாகப் பற்றவைத்தது, பெயர்க்கப்படாமல் அப்படியே இருந்தது.

எனக்கு எங்கள் மொட்டைமாடி நினைவு வந்தது. அப்பா 1994இல் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இந்த வீட்டைக் கட்டினார். தரைத்தளம் மட்டும். ஒன்பது தூண்களின் கம்பிகளும் தளத்துக்கு மேலே இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் காட்சி உண்டு. துருப்பிடிக்காமலிருக்கச் சிமெண்டுப் பால் பூசுவார்கள், பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்ப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு கம்பிக்கு நடுவே கொடி கட்டித் துணி உலர்த்துகிறோம், வெயில் காலத்தில் வடகத்துக்குக் காக்கை விரட்டும் கறுப்புத் துணியும் அதில்தான் தொங்கும். வெள்ளையடிக்க வந்த மேஸ்திரி ஒருவர், அசிங்கமாக இருக்கிறது, வெட்டிவிடலாம் என்றார். அப்பா, “இருக்கட்டும்யா. யாரு எப்ப எடுப்பாங்களோ” என்றார். அவர் காலத்தில் மாடி எடுக்கவில்லை. எங்கள் காலத்திலும் இன்னும் இல்லை. ஆனாலும் அந்தக் கம்பி நிற்கிற வீடும் கம்பி இல்லாத வீடும் ஒன்றில்லை.

அந்த ஸ்லாட்டும் அப்படி விட்ட கம்பிதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று அதற்குப் பெயர். முதல் வரையறை 2002இல் எழுதப்பட்டது, 2004 வாக்கில் மதர்போர்டுகளில் வரத் தொடங்கியது. எழுதியவர்களுக்கு அதில் நாளை யார் எதைச் செருகுவார்கள் என்று தெரியாது. என்ன அகலம், எந்த முனையில் என்ன மின்னழுத்தம், வருகிறவர் எப்படித் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் வகுத்துவைத்தார்கள். பின்னால் வேகம் பல மடங்கு ஏறியது, வரையறை ஐந்தாம் ஆறாம் பதிப்புகளைக் கண்டது. ஸ்லாட்டின் வாயை யாரும் மாற்றவில்லை. 2004இன் போர்டில் இன்றைய கார்டு போய் உட்காரும். இன்றைய போர்டில் அன்றைய கார்டும் உட்காரும். உட்கார்ந்தபின் எல்லாம் வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன், மற்ற தடைகள் உண்டு. ஆனால் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதில்லை.

அதே 2002இல்தான் பிளெண்டரும் பொதுச்சொத்தானது. அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, மூலநிரலை விடுவிக்க ஒரு லட்சம் யூரோ தேவை என்று அதை உருவாக்கிய டான் ரோசண்டால் பொதுமக்களிடம் கேட்டார். ஏழு வாரத்தில் பணம் சேர்ந்தது. பணம் கொடுத்தவர்கள், ஸ்லாட்டை வகுத்தவர்கள், இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க நியாயமில்லை. என் மகள் பிறக்க அப்போது இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. இருபது ஆண்டுக்கும் மேல் கழித்து ஸ்லாட்டும் பிளெண்டரும் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேசையில் அவளுக்காக வந்து சந்திக்கின்றன. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் அடைக்கிறது. மறைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஸ்லாட்டில் செருகும் கிராபிக்ஸ் கார்டு என்ன செய்கிறது என்பதை அவளுக்கு வயலை வைத்துச் சொன்னேன். திரையில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. பெருக்கினால் 20,73,600. நொடிக்கு அறுபது தடவை அத்தனையையும் புதிதாகத் தீட்ட வேண்டுமென்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். நம் பிராசஸரில் நான்கு பேர் இருக்கிறார்கள். கணக்கு வழக்கு, பஞ்சாயத்து, எதைக் கொடுத்தாலும் யோசித்து முடிக்கும் பெரிய மனிதர்கள். அவர்களை நடவுக்கு இறக்கினால் என்ன ஆகும்? வரப்பிலிருந்து வரப்புவரை வரிசையாக நின்று, ஒரே குனிவில், ஒரே கையசைவில் நாற்றைப் பதித்துக்கொண்டே பின்னால் நகரும் கூட்டம் அந்த வேலைக்கு வேண்டும். கடைசியில் நாங்கள் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் அப்படி 896 பேர். வாய்க்காலும் தனி. இதுவரை கிராபிக்ஸ் பகுதி ரேமைப் பிராசஸரோடு பங்குபோட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ரேமில் பாயக்கூடியது அதிகபட்சம் நொடிக்கு 25.6 ஜிபி. கார்டின் சொந்த நினைவகத்தில் 128. படம் வரைபவளுக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆள் எத்தனை இருந்தாலும் நாற்றுக்கட்டு கைக்கு வராவிட்டால் வெறுமே நிற்க வேண்டியதுதான்.

இந்த நடவுக் கூட்டத்தை வேறு வயலில் இறக்கிப் பார்த்தவர்கள் உண்டு. நான் இந்தக் கணினியை வாங்கிய அதே 2012இல், டொராண்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், பெற்றோர் வீட்டில் தம் படுக்கையறைக் கணினியில், விளையாட்டுக்காக விற்கப்படும் ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள் இரண்டைப் பொருத்தி, படங்களை அடையாளம் காணும் ஒரு வலையமைப்புக்குப் பயிற்சி கொடுத்தார். ஐந்தாறு நாள் ஓடியது. இன்று செயற்கை நுண்ணறிவு என்று ஊரெல்லாம் பேசுகிற பேச்சின் முக்கியமான திருப்பங்களில் ஒன்று அது. ஸ்லாட்டை வகுத்தவர்கள் யாரும் அதைக் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டார்கள். மாடி எடுக்க விட்ட கம்பியில் ஒருவர் கோபுரம் கட்டிக்கொண்டு போனார்.

எங்களுக்கு ஒரு மாடி போதும். எந்த அஸ்திவாரத்தின்மேல் என்பதுதான் கேள்வி. ரிச்சி தெருவுக்குப் போனோம், அவளும் நானும். அண்ணா சாலையின் இரைச்சலிலிருந்து திரும்பினால், ஒடுங்கிய அந்தத் தெருவில் வயர்க்கட்டும் மூட்டையும் டூவீலருமாக நடக்க வழியிருக்காது. இருபது ஆண்டுகளாகப் போகிறேன், இன்னும் எனக்கு அந்தத் தெரு பிடிக்கும். செத்துப்போனது என்று ஊர் கைவிட்ட பொருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ஆவும்க்கா” என்று சொல்ல ஆள் இருக்கிற இடம்.

கடையில் இருந்த இளைஞர் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில், “எஸ்எம்பிஎஸ் என்னக்கா?” என்றார். கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெட்டியைச் செல்பேசியில் எடுத்துவைத்திருந்த படத்தைக் காட்டினேன். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட். அவர் படத்தைப் பெரிதாக்கி அடியில் இருந்த கட்டத்தைக் காட்டினார். “வாட்ஸ் பாக்காதீங்க. பன்னெண்டு வோல்ட்ல எத்தன ஆம்ஸ்னு பாருங்க.” பதினான்கு. பெருக்கினால் 168 வாட். எங்கள் பிராசஸர் முழு மூச்சில் ஓடினால் 77. ஸ்லாட் தன் வழியாகவே கார்டுக்குக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75. அதற்குமேல் தின்கிற கார்டுகளுக்குத் தனி மின்கம்பி வேண்டும்: ஆறு முனைக் கம்பி இன்னொரு 75 தரும், எட்டு முனை 150. எழுபத்தைந்துக்குள் அடங்கும் கார்டை எடுத்தாலும், வட்டையும் விசிறிகளையும் சேர்த்தால் மிச்சமே இல்லை. “ஓடும்க்கா. ஆனா என்னிக்கு எதக் கூட்டிட்டுப் போவும்னு சொல்ல முடியாது” என்றார். அந்த மின்கம்பியை அவர் விற்றிருக்கலாம். பெரிய கார்டையும் விற்றிருக்கலாம், மகளின் கண் அங்கேதான் இருந்தது. கிழமாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் இரண்டுக்கும் கேடு என்று எங்கள் பாட்டி சொல்வாள். அவர் அதையே, “உங்க பிராசஸருக்கு இது போதும்க்கா, அதுக்கு மேல போட்டா காசுதான் வேஸ்ட்டு” என்றார்.

அதனால் முதலில் புது எஸ்எம்பிஎஸ். பன்னிரண்டு வோல்ட்டில் 36 ஆம்பியர், 432 வாட். அப்புறம் பழைய கார்டு ஒன்று. ஜிடிஎக்ஸ் 1650, 2019இல் வந்த வகை, 4 ஜிபி நினைவகம், 75 வாட், தனி மின்கம்பி தேவையில்லை. அதைவிட மலிவாக இன்னொன்று கண்ணாடிக்குள் இருந்தது. அவரே வேண்டாம் என்றார். 2012 காலத்துக் கட்டமைப்பு, 2021க்குப் பிறகு அதற்குப் புதிய வசதிகளோடு டிரைவர்கள் வருவதில்லை. பொருள் நன்றாகத்தான் இருந்தது, விசிறி சத்தமில்லாமல் சுழன்றது. அதோடு பேசுவதற்கு மட்டும் இனி ஆளில்லை.

கார்டைக் கழற்றிச் சுத்தம் செய்து தருகிறேன் என்றார். விசிறியையும் அலுமினியப் பட்டையையும் பிரித்தபோது, சிப்பின்மேல் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தது. சிப்பின் சூட்டை உலோகத்துக்குக் கடத்துவது அந்தப் பசைதான். இறுகினால் இரண்டுக்கும் நடுவே காற்று புகுந்துவிடும், காற்று சூட்டை விடாது. துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்து அழுத்தினார். கோயிலில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது சிலையையும் பீடத்தையும் இணைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் புதிதாக இடித்துச் சாத்துவார்களே, அது நினைவுக்கு வந்தது. சிலை பழையது, பீடம் பழையது, நடுவில் இருக்கும் பிடிப்பு மட்டும் அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்று தெரிந்தவர்கள் நாம்.

கிளம்பும்போது, “மானிட்டர்ல என்ன போர்ட்டு?” என்று கேட்டார். நீல நிறம், பதினைந்து முனை, விஜிஏ. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் அதுவும் வாக்குத் தவறாமல் இருந்த இணைப்புதான். ஆனால் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே இந்தக் கார்டுகள் அனலாக் சமிக்ஞையைத் தருவதில்லை. உள்ளே சிப் வைத்த மாற்றி ஒன்று வாங்கினோம். அதில் டிஜிட்டலாகப் புகுவது அனலாகாக வெளியே வரும். எங்கள் வரவேற்பறையில் இப்போது இரண்டு காலங்களுக்கு நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தொங்குகிறார்.

வீட்டுக்கு வந்ததும் கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலிருந்த நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பின்புறத் தகட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பினேன். மகள் கார்டை இரண்டு கையாலும் பிடித்து நேராக அழுத்தினாள். கொக்கி ‘டக்’கென்று விழுந்தது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுழல்கிறது, திரை கறுப்பு. ஐந்து நிமிடம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில் அவள்தான் பார்த்தாள்: பழக்கதோஷத்தில் கேபிளை மதர்போர்டின் பழைய துளையிலேயே செருகியிருக்கிறேன்.

அந்தக் கணினியில் அதன்பின் லினக்ஸ் மின்ட் இயங்குதளம்தான். நான் வைத்திருந்த இயங்குதளத்தின் அடுத்த பதிப்பு மூன்றாம் தலைமுறைப் பிராசஸரை ஏற்பதில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு. வன்பொருளில் அத்தனை பொறுமையாகக் காக்கப்பட்ட வாக்கு, அதற்கு மேலே ஓடும் மென்பொருளில் ஒரு பட்டியலில் முடிந்துபோகிறது. பட்டியலில் இல்லாத பிராசஸர் ஓடாமல் இல்லை. அதைப் பட்டியலில் வைத்திருக்க யாரும் விரும்பவில்லை, அவ்வளவே.

வாக்கு முறிவது எப்படியிருக்கும் என்று தமிழில் பக்கம் வடிவமைத்த எவருக்கும் சொல்லித்தர வேண்டாம். பேஜ்மேக்கரில் நான் செய்த நூற்றுக்கணக்கான கோப்புகள் இன்னும் வட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு எழுத்துருக் குடும்பத்துக்கும் ஒரு குறிமுறை இருந்த காலம் அது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் தாம், தாப் என்ற குறிமுறைகளை அரசு தரப்படுத்தியது; அப்புறமும் பலர் பலவற்றில் அடித்தோம். அந்த எழுத்துரு கையில் இல்லையென்றால் கோப்பைத் திறந்தவுடன் கண்ணில் படுவது குப்பை. ஒரு கவிஞரின் தொகுப்பு அப்படி என்னிடம் இருக்கிறது. அவர் இப்போது இல்லை, அச்சுப்படியும் கிடைக்கவில்லை. எழுத்தெல்லாம் பத்திரமாகத்தான் உள்ளே இருக்கின்றன, வாசிக்கத்தான் முடியவில்லை. ஒருங்குறி வேறு மாதிரி. அதில் ஓர் எழுத்துக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டால் அந்த இடத்தை மாற்றுவதில்லை, பறிப்பதுமில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தமிழ் அகரத்துக்கு அதில் 2949ஆம் இடம். 1991இன் முதல் பதிப்பிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையில் அடிக்கும் ஒவ்வொரு ‘அ’வும் அந்த இடத்தை நம்பித்தான் உட்காருகிறது.

பிளெண்டர் திறந்தது. தாத்தாவின் பித்தளைச் சொம்பைத்தான் அவள் முதலில் செய்தாள். முன்பு பழைய பதிப்பில், பிராசஸரை மட்டும் வைத்து அதே சொம்பை ஒளியோடு தீட்ட ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பாள். இப்போது எட்டு நிமிடம். எழுந்து போக மனமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். மணல் தூவியதுபோல இருந்த படம் மெல்லத் தெளிந்து, சொம்பின் வயிற்றில் எங்கள் சன்னல் வளைந்து தெரிய ஆரம்பித்தது. அது சரியில்லை, சன்னலில் ஒரு கம்பி குறைகிறது என்று திருத்தப் போனாள்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் பற்றிப் படித்ததில் ஒரு செய்தி என்னை விட்டுப் போகவில்லை. மின்சாரம் பாய்ந்ததும் கார்டும் போர்டும் ஒன்றையொன்று தேடுகின்றன. எதிரில் யாராவது இருக்கிறார்களா, பதினாறு பாதையில் எத்தனை சேர்ந்தன என்று பார்க்கின்றன. அந்த முதல் பேச்சு எப்போதும் 2002இன் வேகத்தில்தான் நடக்கும், பாதை ஒன்றுக்கு நொடிக்கு 250 கோடித் தாவல்கள். நீ எதுவரை வருவாய், நான் எதுவரை வருவேன் என்று சொல்லிக்கொண்ட பிறகே இருவருக்கும் பொதுவான பெரிய வேகத்துக்கு ஏறுகின்றன. எங்கள் கணினியில் அது 800 கோடி. நேற்று வந்த, இதைவிடப் பல மடங்கு விரையும் கார்டும் போர்டுமாக இருந்தாலும் இதே முறைதான். தெரியாத வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்ததும் எந்த ஊர், மழை எப்படி என்று தொடங்குவோமே, அதுபோல. நேற்று பேசியிருந்தாலும் இன்றைக்கு மறுபடி அங்கிருந்துதான். எல்லாம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும்.

பெயர்த்தெடுத்த தகட்டை மகள் தூக்கிப் போடவில்லை, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். காலையில் அவள் சுவிட்சைப் போடும்போது கார்டின் விசிறி ஒரு மூச்சு உரக்கச் சுழன்று பிறகு தணியும். அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்த நான் அங்கேயே நிற்கிறேன்.

“என்னம்மா, குடுத்துட்டுப் போயேன்.”

“இரு. அதுங்க பேசி முடிக்கட்டும்.”